வட்டின் தொடக்கத்தில் விடும் இடம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகத் தந்துவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றன. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் செயலி என்றால், ஒருசில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் டாலி கணக்குக்கும் வரைபடத்துக்கும் வைத்திருக்கும் கணினிகள், ஆவடியிலும் பூந்தமல்லியிலும் டிடிபி கடைகளிலும் வீடுகளிலும் பத்தாண்டுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினிகள் எனப் பலவற்றிலும் இந்த இரண்டுமே கிடையாது. நல்ல நிலையில் இருக்கும் இயந்திரத்தைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. எனவே சென்னை ரிச்சி தெருவிலோ பக்கத்துக் கடையிலோ ஒரு எஸ்எஸ்டி வாங்கி, பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புதிதாக ஓஎஸ் போடுகிறார்கள். சிலர் பழையதை அப்படியே குளோன் செய்கிறார்கள், சிலர் லினக்ஸுக்கு மாறுகிறார்கள்.

ஓஎஸ் போடுவது இன்று அரைமணி நேர வேலை. அந்த அரைமணியில் ஒரு நிமிடம்கூட நிற்காமல் கடந்துபோகிற திரை ஒன்று உண்டு: பார்ட்டிஷன் திரை. வட்டை எத்தனை பாகமாகப் பிரிப்பது, ஒவ்வொரு பாகமும் எங்கே தொடங்குவது, கணினியை எழுப்பிவிடும் பூட் கோப்புகளுக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. மொழியையும் கடவுச்சொல்லையும் மென்பொருள்களையும் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இந்தத் திரையில் எடுத்த முடிவை மாற்ற வேண்டும் என்றால், பெரும்பாலும் வட்டில் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய கணினிகளில் புது ஓஎஸ் ஏறிக்கொண்டிருக்கும் இந்தச் சமயத்தில் அந்தத் திரையின் அறிவியலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது.

63 என்ற எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க் தன் தகவலைச் செக்டார் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. பல பத்தாண்டுகளுக்கு ஒரு செக்டார் என்றால் 512 பைட். 1983 மார்ச்சில் ஐபிஎம் தன் எக்ஸ்டி கணினியை 10 எம்பி ஹார்டு டிஸ்க்குடன் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதோடு வந்த பிசி டாஸ் 2.0, வட்டைப் பாகம் பிரிக்கும் முறையையும் கொண்டுவந்தது. வட்டின் முதல் செக்டாரில் எம்பிஆர் என்ற பதிவு இருக்கும். அதன் 512 பைட்டில் 446 பைட் கணினியைத் தொடக்கும் நிரலுக்கு, 64 பைட் நான்கு பார்ட்டிஷன்களின் விவரத்துக்கு, கடைசி 2 பைட் அடையாள முத்திரைக்கு. ஒரு வட்டில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் கூடாது என்று நம் ஊர் கம்ப்யூட்டர் சென்டர்களில் மனப்பாடம் செய்த விதி இந்த 64 பைட்டிலிருந்து வந்ததுதான்.

அன்றைய கணினிகளின் தொடக்க மென்பொருளான பயாஸ் ஒரு செக்டாரைக் குறிப்பிட மூன்று எண்களைச் சொன்னது: எத்தனையாவது சிலிண்டர், எத்தனையாவது ஹெட், அந்தத் தடத்தில் எத்தனையாவது செக்டார். சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8 பிட், செக்டாருக்கு 6 பிட். செக்டாரின் எண்ணிக்கை 1-லிருந்து தொடங்கியதால், 6 பிட்டில் அதிகபட்சம் 63 வரைதான் எண்ண முடியும். வட்டுகள் வளர்ந்தபோது இந்த எல்லைக்குள் அடங்குவதற்காக, அவற்றுக்கு 255 ஹெட்டும் தடத்துக்கு 63 செக்டாரும் இருப்பதாகப் பயாஸ் ஓஎஸ்ஸிடம் பொய்க்கணக்குக் காட்டியது. 255 ஹெட் கொண்ட வட்டு உலகில் எங்கும் செய்யப்பட்டதில்லை. அந்தக் கணக்கின்படி முதல் தடம் முழுவதும் எம்பிஆருக்கு விடப்பட்டது. முதல் பார்ட்டிஷன் இரண்டாம் தடத்தின் தலையில் தொடங்கியது. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அது 63-ஆவது செக்டார். டாஸ் காலத்திலிருந்து விண்டோஸ் எக்ஸ்பி வரை இதுவே வழக்கம். செக்டார் 512 பைட்டாக இருந்தவரை யாருக்கும் இதனால் கெடுதல் இல்லை. எங்கே தொடங்கினாலும் ஒரு செக்டாரின் எல்லையில்தானே தொடங்குகிறது.

நிலைமையை மாற்றியது வட்டுத் தயாரிப்பாளர்களின் இன்னொரு நெருக்கடி. ஒவ்வொரு செக்டாருக்கும் 512 பைட் தகவல் மட்டும் போதாது. செக்டார் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் குறி, இரண்டு செக்டார்களுக்கு நடுவில் ஓர் இடைவெளி, படிக்கும்போது நேரும் பிழையைத் திருத்தும் கூடுதல் பைட்கள் எல்லாம் வேண்டும். பிட்கள் சிறுத்துக்கொண்டே வந்ததால், வட்டின் பரப்பில் இருக்கும் அதே அளவு பழுது முன்பைவிட அதிகப் பிட்களைக் கெடுத்தது. பிழைதிருத்தும் பைட்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. 512 பைட் செக்டாருக்குப் பிழை திருத்த சுமார் 50 பைட்டும், குறிகளுக்கும் இடைவெளிக்கும் 15 பைட்டும் செலவாயின. வட்டின் பரப்பில் 88.7 சதவீதமே நம் தகவலுக்குக் கிடைத்தது. எட்டு செக்டார்களைச் சேர்த்து 4096 பைட் கொண்ட ஒரே செக்டாராக ஆக்கினால் பிழைதிருத்தத்துக்கு 100 பைட் போதும், குறிகளுக்கு அதே 15 பைட் போதும். பயன்பாடு 97.3 சதவீதமாகிறது, பிழை திருத்தும் வலுவும் கூடுகிறது. எல்லா வகையிலும் சரியான முடிவு. 2011 ஜனவரிக்குள் புதிய மடிக்கணினி, மேசைக்கணினி வட்டுகளை இந்த முறைக்கு மாற்றிவிடுவதென்று வட்டுத் தயாரிப்பு நிறுவனங்கள் தங்கள் கூட்டமைப்பின் வழியாக உடன்பட்டன.

ஆனால் உலகத்தில் இருந்த மென்பொருள் அனைத்தும் 512 பைட்டை மட்டுமே அறிந்தவை. எனவே புதிய வட்டுகள் உள்ளே 4096 ஆகவும், வெளியே கேட்பவர்களிடம் 512 ஆகவும் பேசின. வெளியில் எட்டு செக்டாராகத் தெரிவது உள்ளே ஒன்று. இந்த இரட்டைக் கணக்கில்தான் 63 என்ற எண் வினையாக வந்து முடிந்தது. 63 எட்டால் வகுபடாது.

அதே 2011-இல், செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டத்தில் நடந்த விழாவில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுமே அந்த மாவட்டத்தில் இருந்தன. அம்பத்தூர் சென்னை மாவட்டத்துக்கு மாறியது 2018-இல்தான். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸும், சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் பையில் ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்கள். நம் மக்களில் லட்சக்கணக்கானவர்களுக்குப் பார்ட்டிஷன் என்ற ஏற்பாட்டோடு நேர்ந்த முதல் உறவு அது என்றே சொல்வேன். எத்தனையோ வீடுகளில் அதுதான் முதல் கணினி.

அந்தக் காலத்தில் பழகிய எக்ஸ்பியே வேண்டும் என்று கேட்டு மாற்றிக்கொண்டவர்கள் நிறையப் பேர். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இருக்கிற பார்ட்டிஷனை ஃபார்மேட் மட்டும் செய்து எக்ஸ்பியைப் போட்டால் அதன் தொடக்க இடம் மாறாது. எல்லாப் பார்ட்டிஷன்களையும் அழித்துவிட்டு எக்ஸ்பி சிடியை வைத்தே புதிதாக உருவாக்கினால் தொடக்கம் 63-க்குப் போய்விடும். இரண்டும் திரையில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பிறகு வீட்டில், "லேப்டாப் ஏன் இவ்வளவு ஸ்லோவா இருக்கு?" என்பார்கள். காரணம் எங்கே இருக்கிறது என்று தேட யாருக்கும் தோன்றியிருக்காது.

எக்ஸ்பியின் கோப்பு முறை இடத்தை 4096 பைட் துண்டுகளாக ஒதுக்குகிறது. அளவு வட்டின் உள் செக்டாரோடு மிகச் சரியாகப் பொருந்துகிறது, தொடக்கம்தான் பொருந்துவதில்லை. வட்டின் உள்ளே 56 முதல் 63 வரை ஒரு செக்டார், 64 முதல் 71 வரை அடுத்தது. கோப்பு முறையின் முதல் துண்டோ 63-இல் தொடங்கி 70-இல் முடிகிறது. அதாவது முந்தைய செக்டாரின் கடைசி எட்டில் ஒரு பங்கும், அடுத்ததன் முதல் ஏழு பங்கும். புதிய லே-அவுட்டில் முதல் எல்லைக்கல்லை ஓர் அடி தள்ளி நட்டுவிட்டால் அதற்கடுத்த ஒவ்வொரு வீடும் இரண்டு மனைகளின் மேல் நிற்பதுபோல, அந்தப் பார்ட்டிஷனில் எழுதப்படும் ஒவ்வொரு துண்டும், வட்டின் கடைசிவரை, இரண்டு செக்டார்கள்மேல் விழுகிறது.

படிக்கும்போது இது பெரிய இழப்பில்லை. எழுதும்போதுதான் வலிக்கிறது. ஒரு செக்டாரின் ஒரு பகுதியை மட்டும் மாற்ற வட்டால் முடியாது. முழுச் செக்டாரையும் படிக்க வேண்டும், உள்ளே வேண்டிய பைட்களை மாற்ற வேண்டும், அந்த இடம் மறுபடி ஹெட்டின் கீழ் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு எழுத வேண்டும். மடிக்கணினிகளில் வழக்கமான, நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வட்டில் ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிவினாடி ஆகிறது. ஒரு தடவை என்றால் ஒன்றுமில்லை. கணினி எழும்போதும், புதுப்பிப்புகள் ஏறும்போதும், உலாவி தன் குறிப்புகளைச் சேமிக்கும்போதும் இப்படிப்பட்ட சிறு எழுத்துகள் ஆயிரக்கணக்கில் நடக்கின்றன. பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாக எழுதும்போது இந்த அபராதம் குறைவு. சிதறிய சிறு கோப்புகளில்தான் அது முழுதாகத் தெரியும்.

வெஸ்டர்ன் டிஜிட்டல் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. அதன் முதல் 4096 பைட் வட்டுகளின் பின்புறத்தில் 7, 8 ஆகிய முள்களை ஒரு சிறு ஜம்பரால் இணைத்தால், வட்டு எல்லா செக்டார் எண்ணோடும் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். எக்ஸ்பி 63 என்று கேட்டால் உள்ளே 64-க்குப் போகும். அது எட்டால் வகுபடும். அழகான தந்திரம், ஆனால் ஆபத்தானது. ஓஎஸ் போட்ட பிறகு யாராவது அந்த ஜம்பரைக் கழற்றிவிட்டால் வட்டில் உள்ள அத்தனையும் ஓர் இடம் நகர்ந்துபோய், கணினி எதையும் அடையாளம் காணாது. ஏற்கெனவே உள்ள பார்ட்டிஷனைச் சரியான இடத்துக்கு நகர்த்தும் மென்பொருளையும் அந்நிறுவனம் வழங்கியது.

நிலையான தீர்வு மென்பொருள் பக்கத்திலிருந்து வந்தது. விண்டோஸ் விஸ்டாவும் சர்வர் 2008-உம் முதல் பார்ட்டிஷனை 2048-ஆவது செக்டாரில் தொடங்கின. 2010-ஐ ஒட்டி லினக்ஸின் எஃப்டிஸ்க், பார்ட்டட் கருவிகளும் அதற்கே மாறின. 2048-ஐ 512-ஆல் பெருக்கினால் 1,048,576 பைட், அதாவது கணினிக் கணக்கில் சரியாக ஒரு எம்பி. எட்டால் வகுபடத்தான் வேண்டும் என்றால் 64 போதுமே, ஏன் ஒரு எம்பியை முழுசாகக் காலி விட வேண்டும்? ஏனென்றால் வட்டின் செக்டார் மட்டுமே கணக்கில்லை. பல வட்டுகளைச் சேர்த்துக் கட்டும் ரெய்டு அமைப்புகள் 64 கேபி, 128 கேபி, 256 கேபி என்று பட்டைபட்டையாக எழுதுகின்றன. எஸ்எஸ்டிகளின் உள்ளே பக்கங்கள் 4, 8, 16 கேபி அளவில் இருக்கின்றன. இவை எல்லாமே இரண்டின் அடுக்குகள், ஒரு எம்பியை மிச்சமின்றி வகுப்பவை. எதிர்காலத்தில் வட்டுக்காரர்கள் என்ன அளவைத் தேர்ந்தாலும் பெரும்பாலும் பொருந்திப்போகும் தொடக்கம் அது. 256 ஜிபி எஸ்எஸ்டியில் ஒரு எம்பி என்பது கிட்டத்தட்ட இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய விலைக்கு இவ்வளவு நீண்ட காலப் பாதுகாப்பு தந்த முடிவுகள் கணினித் துறையில் அதிகம் இல்லை.

எஸ்எஸ்டியில் சுழலும் வட்டு கிடையாது, காத்திருப்பும் கிடையாது; அப்படியானால் தொடக்க இடம் எதுவானால் என்ன என்று கேட்கலாம். அங்கே பிரச்சினை வேறு உருவில் வருகிறது. எஸ்எஸ்டியின் நினைவகத்தில் எழுதிய பக்கத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய தொகுதியாகத்தான் நடக்கும். ஒவ்வொரு தொகுதிக்கும் இத்தனை முறை அழிக்கலாம் என்று ஓர் ஆயுள் உண்டு. 4 கேபி துண்டு ஒன்று இரண்டு பக்கங்களின் மேல் விழுந்தால் ஒரு பக்கம் எழுத வேண்டிய இடத்தில் இரண்டு பக்கம் எழுதப்படுகிறது, தேய்மானம் கூடுகிறது. எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு இதை ஓரளவு மறைத்துச் சமாளிக்கும். அந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும். எனவே பொருந்தாத எஸ்எஸ்டி உடனே செத்துவிடும் என்று பயமுறுத்தத் தேவையில்லை. காசு கொடுத்து வாங்கிய வேகத்திலும் ஆயுளிலும் ஒரு பங்கைச் சும்மா இழக்கிறோம் என்பது மட்டும் உறுதி.

பட்டறைக் கணினிகளில் இதைக் கவனிக்க வேண்டிய காரணம் குளோனிங். சிஎன்சி இயந்திரத்தோடு இணைந்த கணினியில் எக்ஸ்பி ஓடுகிறதென்றால், அதன் மென்பொருளை மறுபடி நிறுவச் சிடியும் இருக்காது, உரிமக் குறியீடும் இருக்காது. பழைய வட்டை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பது ஒன்றே வழி. செக்டாருக்குச் செக்டார் நகலெடுத்தால் 63-இல் தொடங்கியது புதிய எஸ்எஸ்டியிலும் 63-இலேயே தொடங்கும். நல்ல குளோனிங் மென்பொருள்கள் சிலவற்றில் தொடக்கத்தை ஒரு எம்பிக்கு நகர்த்தி நகலெடுக்கும் வசதி இருக்கிறது. அந்த வசதிக்கான பெட்டியில் ஒரு டிக் அடிக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

அந்த முதல் ஒரு எம்பி வெறும் வெற்றிடமும் அல்ல. லினக்ஸைத் தொடக்கிவைக்கும் கிரப் என்ற நிரலை 446 பைட்டில் அடக்க முடியாது. பழைய முறை வட்டுகளில் அது தன் பெரும்பகுதியை எம்பிஆருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவில் கிடக்கும் இடத்தில் வைத்துக்கொள்கிறது. 63-இல் பார்ட்டிஷன் தொடங்கினால் அங்கே 62 செக்டார், அதாவது 31 கேபி மட்டுமே உண்டு. கிரப் வளர வளர, சில அமைப்புகளில் அந்த 31 கேபி போதாமல், நிறுவலே பிழை சொல்லி நின்றது. 2048-இல் தொடங்கினால் கிட்டத்தட்ட ஒரு எம்பி கிடைக்கிறது. வட்டின் வேகத்துக்காக விட்ட இடம், வட்டு எழுவதற்கும் இடமாகிறது. எம்பிஆருக்கு மாற்றாக வந்த புதிய ஜிபிடி முறையில் வட்டின் முதல் 34 செக்டார்களும் பார்ட்டிஷன் பட்டியலுக்கே போய்விடுவதால் கிரப் அங்கே ஒண்டிக்கொள்ள முடியாது. பழைய பயாஸ் கணினியில் ஜிபிடி வட்டைப் பயன்படுத்துகிறவர்கள் அதற்கென்றே ஒரு எம்பியில் தனிப் பார்ட்டிஷன் ஒன்று உருவாக்க வேண்டும். இதைத் தெரியாமல் லினக்ஸ் முழுவதையும் நிறுவி முடித்து, கடைசி நிமிடத்தில் கிரப் ஏறவில்லை என்று தலையில் கை வைத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

இனி பூட் பார்ட்டிஷனின் அளவு. என் பார்வையில் இன்று அதிகத் தொல்லை தருவது இதுதான். தொடக்க இடத்தைப் புதிய நிறுவல் மென்பொருள்கள் தாமாகவே சரியாக வைத்துவிடுகின்றன. அளவில்தான் இன்னமும் கஞ்சத்தனம் செய்கின்றன.

பயாஸுக்கு மாற்றாக வந்த யுஇஎஃப்ஐ முறையில் எழும் இன்றைய கணினிகளில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று ஒன்று இருக்கும். கணினியின் ஃபர்ம்வேர் படிக்கத் தெரிந்த ஃபேட்32 முறையில் அது இருக்க வேண்டும். விண்டோஸ் பல ஆண்டுகளாக இதற்கு 100 எம்பிதான் ஒதுக்கிவந்தது. வெளியிலும் 4096 பைட்டாகவே பேசும் வட்டுகளுக்கு மட்டும் 260 எம்பி. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஃபேட்32-இல் குறைந்தது 65,525 துண்டுகள் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு துண்டு 4096 பைட்டுக்குக் குறையாது என்றால் மொத்தம் 256 எம்பிக்கு வந்துவிடுகிறது. செக்டார் பெரிதானதால் பூட் பார்ட்டிஷனும் பெரிதாக வேண்டியதாயிற்று.

100 எம்பி என்பது விண்டோஸ் ஒன்றுக்கு மட்டும் போதும், அதுவும் ஒட்டி ஒட்டித்தான். அதில் விண்டோஸின் தொடக்க நிரல், பல மொழிகளுக்கான கோப்புகள், எழுத்துருக்கள் எல்லாம் உட்காருகின்றன. சில தயாரிப்பாளர்கள் தங்கள் ஃபர்ம்வேர் புதுப்பிப்பையும் அங்கேயே இறக்குகிறார்கள். பக்கத்தில் லினக்ஸும் வந்தால் அதன் தொடக்க நிரலும் அதே இடத்தில் சேர்கிறது. கிரப் மட்டும் என்றால் சில எம்பியோடு போகும். லினக்ஸின் கர்னலையே இந்தப் பார்ட்டிஷனில் வைக்கும் வகைகளும் உண்டு. அவற்றுக்கு 100 எம்பி ஒரு கர்னலுக்கே போதாது. விண்டோஸ் மேம்படுத்தலின்போது "சிஸ்டம் ரிசர்வ்ட் பார்ட்டிஷனைப் புதுப்பிக்க முடியவில்லை" என்ற செய்தியைப் பார்த்தவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன வழி, அந்தப் பார்ட்டிஷனுக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புகளை அழித்துக் கொஞ்சம் இடம் உண்டாக்கிக்கொள்ளுங்கள் என்பதுதான். 500 ஜிபி வட்டில் பதினைந்து எம்பிக்குப் பஞ்சம்.

2024 ஜனவரி 9 அன்று நடந்தது இதைவிடப் பெரியது. வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கரைத் தாண்டிச் செல்ல வழிவிடும் ஓட்டை ஒன்றை அடைக்க, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. அது மாற்ற வேண்டியது ரெக்கவரி பார்ட்டிஷனில் இருக்கும் மீட்புச் சூழலை. அதற்கு அந்தப் பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் வேண்டியிருந்தது. விண்டோஸ் தானே முன்பு உருவாக்கிய ரெக்கவரி பார்ட்டிஷன்கள் பலவற்றில் அவ்வளவு இடம் இல்லை. உலகமெங்கும் கணினிகள் 80070643 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றன. காரணம் இடமின்மை என்று அந்த எண்ணைப் பார்த்து யாராலும் ஊகிக்க முடியாது. கடைசியில் சி டிரைவிலிருந்து 250 எம்பியைக் குறைத்து, ரெக்கவரி பார்ட்டிஷனை அழித்து, பெரிதாக மறுபடி உருவாக்கச் சொல்லி மைக்ரோசாஃப்ட் வழிமுறை வெளியிட்டது. கட்டளைச் சாளரத்தில் தட்டச்சு செய்து செய்ய வேண்டிய வேலை. ஒரு டிடிபி கடைக்காரரிடமோ கல்லூரி மாணவியிடமோ இதைச் செய்யச் சொல்வது நியாயமில்லை என்பதே என் கருத்து. இங்கே இடத்தோடு வரிசையும் முக்கியம். ரெக்கவரி பார்ட்டிஷன் சி டிரைவுக்கு அடுத்தபடியாக இருந்தால் இப்படிப் பெரிதாக்கலாம். விண்டோஸ் 10-இன் முந்தைய பதிப்புகள் பல அதை வட்டின் தலையில், சி டிரைவுக்கு முன்னால் வைத்தன. சி டிரைவின் வாலில் குறைத்த இடம் அதற்கு எட்டாது.

லினக்ஸிலும் இதே கதைதான். வட்டைக் குறியாக்கம் செய்தோ, எல்விஎம் முறையில் பிரித்தோ நிறுவினால், பூட் கோப்புகளுக்குத் தனிப் பார்ட்டிஷன் வைக்கப்படுகிறது. உபுண்டுவின் 12.04, 14.04 காலத்து நிறுவல் மென்பொருள் இதற்குக் கால் ஜிபிக்கும் குறைவாக ஒதுக்கியது. ஒவ்வொரு பாதுகாப்புப் புதுப்பிப்போடும் ஒரு புதிய கர்னல் வந்து அங்கே உட்காரும். பழையது ஒன்றாவது இருக்க வேண்டும். புதியது எழவில்லை என்றால் அதைக்கொண்டுதான் கணினியை மீட்க முடியும். கர்னலும் அதோடு வரும் தொடக்கக் கோப்பும் சேர்ந்து இன்று எளிதாக 80, 100 எம்பியைத் தொடுகின்றன; கிராஃபிக்ஸ் கார்டின் ஃபர்ம்வேர் சேர்ந்தால் இன்னும் கூடும். மூன்று தொகுப்பும் புதியதை எழுதும்போது தேவைப்படும் தற்காலிக இடமும் என்று பார்த்தால் அரை ஜிபிகூடப் போதாமல் போகலாம். நிறைந்துவிட்டால் புதுப்பிப்பு பாதியில் நிற்கும், அடுத்தடுத்த புதுப்பிப்புகளும் நிற்கும். தினமும் கணினியைப் பயன்படுத்துகிறவர் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபட்டுக்கொண்டிருப்பதாகவே நம்பிக்கொண்டிருப்பார். தொழில்முறை சர்வர்களுக்கான ரெட் ஹேட் லினக்ஸ், பூட் பார்ட்டிஷனுக்குக் குறைந்தது 1 ஜிபி பரிந்துரைக்கிறது. வீட்டுக் கணினிக்கும் அதைக் குறைந்தபட்சமாகவே கொள்ள வேண்டும்.

பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாமே என்றால், ஜிபார்ட்டட் போன்ற கருவிகளால் முடியும். ஆனால் பூட் பார்ட்டிஷன் வட்டின் தொடக்கத்தில் இருக்கிறது. அதை வளர்க்க அடுத்திருக்கும் பார்ட்டிஷனின் தொடக்கத்தை நகர்த்த வேண்டும். தொடக்கம் நகர்ந்தால் அதில் உள்ள ஒவ்வொரு பைட்டும் நகர வேண்டும். நூற்றுக்கணக்கான ஜிபி, மணிக்கணக்கில். அந்த நேரத்தில் கரண்ட் போனால், பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலுமாகக் கிடக்கும் தகவலை மீட்பது மிகக் கடினம். மழைக்காலத்தில் நம் பகுதிகளில் மின்சாரம் போவதும் வருவதும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேக்கப் இல்லாமலும் யுபிஎஸ் இல்லாமலும் இந்த வேலையைத் தொடவே கூடாது.

உங்கள் கணினி எப்படி இருக்கிறது என்று பார்ப்பது எளிது. விண்டோஸின் தேடல் பெட்டியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, காம்போனன்ட்ஸ், ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் என்று உள்ளே போனால் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஸ்டார்ட்டிங் ஆஃப்செட் என்று ஓர் எண் இருக்கும். அதை 4096-ஆல் வகுத்தால் மீதி வரக் கூடாது. முதல் பார்ட்டிஷனுக்கு 1,048,576 என்றிருந்தால் நிம்மதி. 32,256 என்றிருந்தால் அது பழைய 63. லினக்ஸில் எஃப்டிஸ்க் காட்டும் தொடக்கச் செக்டார் எண் எட்டால் வகுபட வேண்டும். 2048-ஆல் வகுபட்டால் இன்னும் நல்லது. முதல் பார்ட்டிஷனை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பழைய முறையில் உள்ளே பிரிக்கப்பட்ட டி டிரைவ், இ டிரைவ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 63 செக்டார் தள்ளிய தொடக்கம் இருக்கக்கூடும்.

புதிதாக எஸ்எஸ்டி போட்டு ஓஎஸ் நிறுவப்போகிறவர்களுக்கு என் பரிந்துரை: இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷனுக்கு 512 எம்பி, இரண்டு இயங்குதளங்கள் வைப்பதாக இருந்தால் 1 ஜிபி. லினக்ஸில் தனிப் பூட் பார்ட்டிஷன் வேண்டியிருந்தால் 1 ஜிபிக்குக் குறையாமல், இடமிருந்தால் 2 ஜிபி. விண்டோஸின் ரெக்கவரி பார்ட்டிஷன் 1 ஜிபி, சி டிரைவுக்கு அடுத்தபடியாக. 256 ஜிபி வட்டில் இவை எல்லாம் சேர்ந்தும் இரண்டு சதவீதத்தைத் தாண்டாது. 120 ஜிபி எஸ்எஸ்டியில்கூட இந்தச் செலவு தாங்கக்கூடியதே. இரண்டு இயங்குதளங்களும் வேண்டுமென்றால் முதலில் லினக்ஸ் நிறுவல் வட்டைக்கொண்டு பார்ட்டிஷன்களை உருவாக்கிவிட்டு, பிறகு விண்டோஸை நிறுவுங்கள். ஏற்கெனவே இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருப்பதைப் பார்த்தால் விண்டோஸ் தன் சிறிய பார்ட்டிஷனை உருவாக்காமல் அதையே பயன்படுத்திக்கொள்ளும். அதன் பிறகு கடைசியாக லினக்ஸை ஏற்றினால் தொடக்கப் பட்டியலும் ஒழுங்காக அமையும்.

2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்போவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அவர்கள் கைக்கு வரும் கணினிகள் ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிறகும் புதுப்பிப்புகளை ஏற்றுக்கொண்டு நிற்க வேண்டும். வாங்கும் துறையினர் செயலியையும் நினைவகத்தையும் குறிப்பிடும் கொள்முதல் ஆவணத்தில், பூட் பார்ட்டிஷனும் ரெக்கவரி பார்ட்டிஷனும் இன்ன அளவுக்குக் குறையக் கூடாது என்று ஒரே ஒரு வரியையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐடிஐகளில் கோபா என்ற கணினிப் பயிற்சிப் பிரிவில் ஓஎஸ் நிறுவக் கற்றுத்தரும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். நிறுவல் முடிந்ததும் ஒவ்வொரு பார்ட்டிஷனின் தொடக்க எண்ணையும் காலியிடத்தையும் மாணவர்களை நோட்டில் எழுதவைத்து, அந்த எண் எட்டால் வகுபடுகிறதா என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.